கடைசிக் கண்ணி

மேலப்பனைவிளையில் ஆசீர்வாதத்தின் வீட்டு முன்சுவர் ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கும் ஏழேகாலுக்கும் நடுவே இல்லாமல் போனது. இடியவில்லை, சரியவில்லை, ஒரு செங்கல் விழுந்த சத்தமோ ஒரு பிடி சுண்ணாம்புத் தூளோ கிடையாது. கதவு மட்டும் நிலையோடும் தாழ்ப்பாளோடும், போன கிறிஸ்துமசுக்கு ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கரோடும் அப்படியே நின்றது, அதன் இரண்டு பக்கத்திலும் தெரு நேராக வீட்டுக்குள் வந்துவிட்டது. உள்ளே பனியனும் கைலியுமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாலாவது இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்த ஆசீர்வாதம் காற்று வருகிறதே என்று நிமிர்ந்து பார்த்தான். குழாயடியில் குடம் வைத்திருந்த பெண்களும், பால் ஊற்ற வந்தவளும், சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றியிருந்த தபால்காரரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மஸ்கட்டில் இருப்பதாக அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவன் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. விடியற்காலைப் பஸ்ஸில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கியவன், வேலை போய்விட்டது, இந்த முகத்தோடு தெருவில் நடக்க முடியாது, கொஞ்ச நாள் யாருக்கும் சொல்லாதே என்று மனைவி ஜெபக்கனியிடம் கேட்டுக்கொண்டான். அவளும் சரி என்று, வாரத்துக்கு இரண்டு முறை செல்போனைக் காதில் வைத்தபடி வாசலில் நின்று, அங்கே வெயில் எப்படி, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, பல்வலி தேவலையா என்று தெருவுக்குக் கேட்கும்படி விசாரித்துவந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் பாயில் படுத்திருந்த ஆசீர்வாதம், தேவலை என்று தலையை ஆட்டுவான். இனி அந்தச் சுவர் இல்லை.

முதலில் வாய் திறந்தது எதிர்வீட்டு வேதமுத்துதான். தகரச் சாய்ப்புக்குக் கீழே கிடந்த நார்க்கட்டிலில், முறிந்து கோணலாகக் கூடிய இடுப்போடு ஒருக்களித்துப் படுத்திருந்த அவன், முழங்கையை ஊன்றி எழும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "அண்ணாச்சி, எப்ப வந்திய?" என்று கேட்டான்.

"இப்பத்தான்" என்றான் ஆசீர்வாதம், கையில் இட்லியோடு.

ஒருவரும் சிரிக்கவில்லை. பால்காரி குனிந்து பாலை அளந்தாள். தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி, சுவர் இல்லாத இடத்தை விட்டு விலகி, கதவுக்கு முன்னால் வந்து நின்று இரண்டு முறை தட்டினார். ஜெபக்கனி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்து, தபால் ஏதும் இல்லை, சும்மா தட்டினேன் என்று அவர் சொன்னதைக் கேட்டு, மறுபடி தாழ்ப்பாள் போட்டாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் யாரானாலும் கதவைத் தட்டித்தான் வந்தார்கள். தெருவில் போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டார்கள், அங்கே வேதமுத்துவின் சாய்ப்பை விட்டால் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு முருங்கைமரமும் ஒரு மின்கம்பமும்தான், இருந்தாலும் அந்த வருடம் முருங்கை பூத்ததும் காய்த்ததும் ஊரில் எல்லோருக்கும் நாள் தவறாமல் தெரிந்திருந்தது. மினிபஸ் நடத்துநர் அந்த வளைவு வந்ததும், வலதுபக்கம் உட்கார்ந்திருக்கிறவர்கள் டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று குரல் கொடுப்பார், எல்லோரும் குனிந்து டிக்கெட்டைப் பார்ப்பார்கள். பஞ்சாயத்துத் தலைவி சொர்ணம் ஒருநாள் பதிவேட்டோடு வந்து, நாலு சுவர் என்று இருந்ததை அடித்து மூன்று என்று எழுதி, ஜெபக்கனியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மழைக்காலத்துக்கு முன்னால் ஏதாவது செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிப் போனாள். சுவர் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் காலையில் வாசல் தெளிக்க வருகிற பெண்கள், தெளிப்பதற்கு முன்னால் தங்கள் தங்கள் வீட்டுச் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் அதையே, சாய்ந்து நிற்கிற பாவனையில் செய்தார்கள்.

எல்லோரும் பார்க்காமல் இருந்தார்கள், ஒருவனைத் தவிர. வேதமுத்துவால் திரும்பிப் படுக்க முடியாது. முறிந்த பக்கம் கீழே போனால் உயிர் போகும் என்பதால், அவன் கட்டில் எப்படிக் கிடந்ததோ அப்படித்தான் கிடக்க வேண்டும், அது ஆசீர்வாதத்தின் வீட்டைப் பார்த்துத்தான் கிடந்தது. அவனுக்கு அதில் சங்கடமும் இல்லை. இரண்டு பேரும் மஸ்கட்டில் ஒரே கட்டட வேலையில், ஒரே அறையில், மேலும் கீழுமாகக் கட்டில் போட்டு ஆறு வருடம் இருந்தவர்கள். ஆசீர்வாதம் கம்பி கட்டுகிறவன், வேதமுத்து கான்கிரீட் இறுகும்வரை தாங்கச் சென்ட்ரிங் பலகை அடித்து முட்டுக் கொடுக்கிறவன். அங்கே ஒரு பால்கனி உடைந்து விழுந்தபோது அதோடு விழுந்தவன் வேதமுத்து. பதினாலு நாள் நிற்க வேண்டிய முட்டுகளை அவசரப்பட்டு முன்னாலேயே கழற்றிவிட்டான், நாள் எண்ணத் தெரியாதவன் என்று அங்கே கம்பெனியில் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். அவனும் அதை நம்பினான். பதினாலு என்றுதான் நினைத்தேன், பன்னிரண்டுதான் ஆகியிருக்கும்போல என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அன்றிலிருந்து அவன் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தான். குழாயடிக் குடங்களை, கம்பியில் உட்காரும் காக்கைகளை, மனைவி குளோரியிடம் குரோஷா பின்னல் கற்க வருகிற பெண்பிள்ளைகளின் செருப்புகளை எண்ணி, சரிதானா பார் என்று குளோரியிடம் கேட்பான். அவள் சரி என்றால்தான் அடுத்ததை எண்ணுவான்.

இப்போது அவன் ஆசீர்வாதத்தின் வீட்டுக்குள் இருப்பதை எண்ணினான். தட்டு ஆறு, நாற்காலி ரெண்டு, உத்தரம் பதினொன்னு. எண்ணிவிட்டு, அண்ணாச்சி சரியா என்று உரக்கக் கேட்பான். ஆசீர்வாதம் தலையைத் தூக்காமல் சரி என்பான். அவன் சோற்றைப் பிசைவதும், முதுகைச் சொறிவதும், பகலில் சுவரோரம் சுருண்டு படுப்பதும் அந்தக் கண்களுக்கு முன்னால்தான் நடந்தன. அந்தக் கண்களில் இருந்தது வெறும் பிரியம் என்பது அவனுக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

சுவரை மறுபடி கட்டிப் பார்த்தார்கள். கொத்தனார் முழங்கால் உயரம் எழுப்பிவிட்டுப் போவார், காலையில் செங்கல்கள் சுத்தமாகக் கழுவியதுபோல் முற்றத்தில் அடுக்கியிருக்கும். தென்னந்தட்டி கட்டினார்கள், அரைமணி நேரத்தில் அது குழாய்த் தண்ணீர்போலத் தெளிந்துவிட்டது, தொட்டால் தட்டி இருந்தது, பார்த்தால் இல்லை. தார்ப்பாய், போர்வை, ஜெபக்கனியின் கல்யாணப் பட்டு எல்லாம் அப்படியே தெளிந்தன. குளோரி மனம் பொறுக்காமல், கோவிலுக்கென்று பின்னி வைத்திருந்த பெரிய லேஸ் திரையை எடுத்துவந்து தொங்கவிட்டாள். அதில் ஒரு மூலையில் நூல் அறுந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருந்த ஆசீர்வாதம், கம்பி கட்டின பழக்கத்தில் அந்த அறுந்த முனைகளை விரலால் முறுக்கி நாலைந்து முடிச்சுப் போட்டான். மதியத்துக்குள் திரை முழுக்கத் தெளிந்து போக, அந்த நாலைந்து முடிச்சு மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக, அழுத்தமாக அந்தரத்தில் நின்றது.

தெரு கூடிப் பார்த்தது. இவன் கையால் போட்டால் மறைக்கும்போலிருக்கிறது என்று சொர்ணம் சொன்னாள். அப்படியானால் அவன் போட வேண்டியதுதானே என்று எல்லோரும் கலைந்து போனார்கள். ஜெபக்கனி குளோரியிடம் ஊசி வாங்கி, தானும் ஒரு சாண் போட்டுப் பார்த்தாள். அது தெளிந்துவிட்டது. அதை விரலில் சுற்றியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தவள், என்கிட்ட இல்லாதது உங்ககிட்ட என்ன இருக்கு என்று கேட்டாள். அவன் குனிந்து நூலின் முனையைத் தேடினான்.

இப்படித்தான் ஆசீர்வாதம், நாற்பத்தெட்டு வயதில், செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு, எதிர்வீட்டுத் தகரச் சாய்ப்பில், கல்லூரிக்குப் போகாத ஐந்தாறு பெண்பிள்ளைகளோடு குரோஷா கற்றுக்கொள்ள உட்கார்ந்தான். கட்டிலுக்கு நேர் முன்னால் இருந்த முக்காலிதான் அவனுக்குக் கிடைத்தது.

குளோரி அவனைவிடப் பதிமூன்று வயது சிறியவள், சொல்லிக்கொடுக்கும்போது அந்த வித்தியாசமெல்லாம் பார்க்க மாட்டாள். முதலில் சங்கிலி. நூலில் ஒரு சுருக்குப் போட்டு, கொக்கி ஊசியால் நூலை இழுத்து, சுருக்குக்குள்ளே இன்னொரு சுருக்கு, அதற்குள்ளே இன்னொன்று. கம்பி கட்டுகிறவனுக்குக் கொக்கி புதிதல்ல, கட்டுக்கம்பியைக் கொக்கியில் மாட்டி இரண்டு முறுக்கு முறுக்கினால் வேலை முடிந்தது. அந்தக் கைதான் அவனுக்கு எதிரியாகியது. அவன் போட்ட சங்கிலி ஈர்க்குச்சிபோல விறைத்து நின்றது. அடுத்த வரிசைக்கு ஊசி உள்ளே நுழையவில்லை.

"இறுக்காதிய அண்ணாச்சி" என்றாள் குளோரி. "இந்தக் கண்ணிக்குள்ள நாம மறுபடி வரணும்லா. கம்பி மாதிரி கட்டிட்டுப் போற வேல இல்ல இது."

அவன் காது சிவந்தது. அவள் வேறெதுவும் மனதில் வைத்துச் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

சங்கிலி பழகினபின் ஒத்தை. கண்ணிக்குள் ஊசியை விட்டு, நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் இரண்டையும் ஒன்றாக்குவது. ஒத்தை குட்டையாக, நெருக்கமாக நிற்கும், நடுவே ஓட்டை தெரியாது. பிறகு ரெட்டை. ஊசியில் முதலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நுழைவது, இழுத்து இரண்டிரண்டாக விடுவது. ரெட்டை உயரமாக நிற்கும், நடுவே வெளிச்சம் வரும். மறைக்கத்தானே வேண்டும், ஒத்தையே போட்டால் போதாதா என்று அவன் கேட்டான். போதும், ஆனால் பலகைபோல இருக்கும், காற்று வராது, தொங்காது, தன் கனத்திலேயே பிய்ந்துவிடும் என்றாள் அவள். ரெட்டையே போட்டால் வலை. இரண்டையும் கலந்து போட வேண்டும். இரண்டு ஒத்தை, இரண்டு ரெட்டை என்று ஒரு வரிசை, திரும்பி வரும்போது ஒத்தைக்கு மேலே ரெட்டை, ரெட்டைக்கு மேலே ஒத்தை. குட்டை நின்ற இடத்தில் நெட்டையும் நெட்டை நின்ற இடத்தில் குட்டையும் வந்தால்தான் வரிசை சமமாகும் என்று, பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

இருபத்துநாலு சங்கிலியில் ஆரம்பித்தால் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பட்டை. எட்டடி நீளத்துக்குப் போட்டு, பட்டைகளைப் பக்கம் பக்கமாக இணைத்தால் திரை. ஆசீர்வாதம் போட்ட முதல் பட்டை ஒரு சாணில் தொடங்கி, மேலே போகப் போக ஒடுங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கழுத்து டைபோல முடிந்தது. பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வேதமுத்துதான் காரணத்தைக் கண்டுபிடித்தான்.

"அண்ணாச்சி, கடைசிக் கண்ணிய விட்டுட்டுத் திரும்புதிய" என்றான். "ஒவ்வொரு வரிசையிலயும் கடைசி ஒன்னு. அது மடங்கிக் கெடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதுக்குள்ளயும் போட்டாத்தான் இருபத்துநாலும் தெகையும்."

பிரித்துவிட்டு மறுபடி போட்டான். அன்றிலிருந்து வேதமுத்து அவனுக்காக எண்ணத் தொடங்கினான். ஆசீர்வாதம் தன் வீட்டுக்குள் இருந்து போட்டாலும் எதிர்ச்சாய்ப்பிலிருந்து குரல் வரும். பதினெட்டு, இப்ப ரெட்டை வரணும், பத்தொம்பது, இருபது, அண்ணாச்சி, கடைசி ஒன்னு, கடைசி ஒன்னு. அந்தக் குரல் இல்லாமல் அவனுக்கு வரிசை நேராக வரவில்லை. தெருவும் அதற்குப் பழகிப்போய், குழாயடியில் பெண்கள் அந்த எண்ணிக்கைக்கு ஏற்பக் குடத்தை மாற்றினார்கள், பக்கத்து வீட்டில் ஒருத்தி அதை வைத்தே சோறு வடித்தாள்.

பட்டை போட்டு முடித்ததும் அது மறைத்தது. ஆனால் ஆசீர்வாதம் முதல் பட்டையைத் தொங்கவிட்ட இடத்தைப் பார்த்து ஜெபக்கனி முகம் மாறினாள். சேலை மாற்றுவதற்கு இத்தனை நாளாக அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். முன்பு அவள் சேலை மாற்றிய அறைப்பக்கம் அப்படியே திறந்துகிடக்க, அவன் கதவுக்கு இடதுபுறம், தான் உட்காரும் பாய்க்கு நேராக, எதிர்க் கட்டிலின் பார்வை விழுகிற இடத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தான். இரண்டாவது பட்டையையும் அதன் பக்கத்திலேயே இணைத்தான், மூன்றாவதையும் அங்கேதான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சேலையை மடித்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அவள் கேட்டிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

ஆறாவது பட்டைக்கு வந்தபோது எதிர்ச்சாய்ப்பைப் பார்த்த பக்கத்தில் ஒரு சாண் இடைவெளிதான் மீதி இருந்தது. அந்தச் சாண் வழியாக வேதமுத்துவின் முகம் மட்டும் தெரிந்தது. இந்தப் பட்டை முடிந்தால் அதுவும் தெரியாது. ஆசீர்வாதம் அன்று சீக்கிரமாகவே வகுப்புக்கு வந்து, முக்காலியில் குனிந்து வேகவேகமாகப் போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை, பதினோரு மணி வெயில். பெண்பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். குளோரி நூல்கண்டு சுற்றிக்கொண்டிருந்தாள், ஜெபக்கனி ஒரு தட்டு முறுக்கோடு வந்து அதை வைத்துவிட்டுக் கட்டிலோரம் நின்றாள்.

"இருபத்திரண்டுதான் இருக்கு அண்ணாச்சி" என்றான் வேதமுத்து. "இந்த வரிசையில ஒன்னு விட்டிருக்கிய, போன வரிசையில ஒன்னு." பிறகு லேசாகச் சிரித்து, "நான் சொல்லுதேன்னு நம்பாதிய. நீங்களும் எண்ணிப் பாத்துக்கிடுங்க. எனக்கு எண்ணத் தெரிஞ்சிருந்தா இப்பிடியா கெடப்பேன்" என்றான்.

ஆசீர்வாதம் எண்ணினான். விரல் நகத்தால் ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டு எண்ணினான். இருபத்திரண்டு இருந்தது. திரும்ப முதலிலிருந்து எண்ணினான். இருபத்திரண்டுதான்.

"சரியாத்தான் சொல்லுத" என்றான். ஊசி கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. "அன்னைக்கும் சரியாத்தான் எண்ணுன. பதினாலு நாளு ஆயிருந்துது."

குளோரியின் கையில் நூல்கண்டு நின்றது.

அதற்கப்புறம் அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். பால்கனிக்குக் கம்பி கட்டினது தான்தான். கம்பியும் கம்பியும் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் கட்டுப் போட வேண்டும், மறுநாள் விடுப்பு, அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று ஒன்று விட்டு ஒன்று கட்டினான். கான்கிரீட் போடுகிறவர்கள் மேலே ஏறி மிதித்தபோது மேலே நின்று பால்கனியைத் தாங்க வேண்டிய கம்பிகள் கட்டில்லாமல் நகர்ந்து கீழே அமுங்கின, அவன் பார்த்தான், வேறு யாரும் பார்க்கவில்லை. பதினாலாம் நாள் சாயங்காலம் வேதமுத்து முட்டுகளைக் கழற்றினான். மறுநாள் காலை ஆசீர்வாதம் அந்தப் பக்கம் போனபோது, பால்கனி சுவரோடு சேரும் இடத்தில் முடிபோல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

வேதமுத்து நிதானமாகத்தான் கேட்டான்.

"எத்தன மணிக்குப் பாத்திய?"

"ஆறர இருக்கும்."

"நான் பலகைய எறக்க மேல ஏறுனது ஒம்போதுக்கு."

"ஆமா."

"நடுவுல ரெண்டு பேரும் சேந்து டீ குடிச்சோம்."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

ஆசீர்வாதம் மடியில் கிடந்த ஊசியை எடுத்து முக்காலியோரம் வைத்தான். "ஏறாதன்னு சொன்னா, ஏன் விரிஞ்சுதுன்னும் சொல்லணும்லா" என்றான்.

வேதமுத்து கண்ணை மூடிக்கொண்டான். திரும்பிப் படுக்க முடியாதவனுக்கு முகத்தை மறைத்துக்கொள்ள வேறு வழி இல்லை. அவன் உதடு மட்டும் அசைந்தது. ஒன்னுலருந்து பதினாலு வரைக்கும், பிறகு மறுபடி ஒன்னுலருந்து.

குளோரி எழுந்து தெருவைக் கடந்தாள். கதவைத் தட்டவில்லை. சுவர் இல்லாத இடத்தின் வழியாக, இத்தனை நாளில் முதல் ஆளாக உள்ளே போய், ஐந்து பட்டைகளையும் ஆணியிலிருந்து பிடுங்கி எடுத்துத் தெருவில் போட்டு, இணைப்பை வெட்டி, முதல் பட்டையின் கடைசிக் கண்ணியைத் தேடி முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தாள். குரோஷா அப்படித்தான், போட மாதக்கணக்கு ஆகும், கடைசிச் சுருக்கு அவிழ்ந்துவிட்டால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். ஒத்தையும் ரெட்டையும் பட்பட்டென்று விட்டுப்போக, வெள்ளை நூல் நெளிநெளியாகத் தார்ச்சாலையில் குவிந்தது. இரண்டு மாத வேலை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஜெபக்கனி, போய் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து, அவள் பிரிக்கப் பிரிக்க நூலைக் கண்டாகச் சுற்றத் தொடங்கினாள். புருஷன் பக்கம் அவள் திரும்பவில்லை. மினிபஸ் வந்து நூல் குவியலுக்கு முன்னால் நின்றது. நடத்துநர் டிக்கெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து தெரு பார்க்கத் தொடங்கியது. யாரும் திட்டவில்லை, கல்லெறியவில்லை, மேற்கே திரும்பின முகங்கள் கிழக்கே திரும்பின, அவ்வளவுதான். அவன் சாப்பிடும்போது பார்த்தார்கள், படுக்கும்போது பார்த்தார்கள். வேதமுத்து கேட்டான் என்பதற்காக ஆசீர்வாதம் நடந்ததையெல்லாம் கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம் எழுதி, குழாயடியில் காலை ஏழு மணிக்கு நின்று வாசித்தான். முதல் பக்கம் முடிவதற்குள் மூன்று முறை தாளை மடிக்கப் பார்த்தான், யாரும் போதும் என்று சொல்லவில்லை. ஒரு பிரதி மஸ்கட் கம்பெனிக்குப் போனது, பதில் வரவில்லை. இன்னொன்றை வேதமுத்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். எண்ணத் தெரியாத பய என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த அவனுடைய மாமனார் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில் தெருவில் வேறு சிலவும் நடந்தன. ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் பதினேழு வருடத்துக்கு முன்னால் பிரித்துப் படித்து ஒளித்து வைத்த கடிதத்தைத் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று வீடு தள்ளி ஒருத்தி தன் மாமியாரிடம் எதையோ சொல்லி, இருவரும் அழுதார்கள். சுவரைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

ஆசீர்வாதத்தின் வீட்டுக்குச் சுவர் வரவில்லை. ஜெபக்கனி அவனோடு பேச ஒன்றரை மாதம் ஆனது. பேசினபோது, எனக்குச் சேலை மாற்ற ஒரு மறைப்பு வேண்டும், அதை முதலில் போடுங்கள் என்றாள். அவன் குளோரியிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது. அவள் வாசலில் நிற்கவைத்து, ஒரு நூல்கண்டையும் ஊசியையும் முக்காலியில் வைத்து, செவ்வாய் வெள்ளி பத்து மணி என்று மட்டும் சொன்னாள். அவன் போனான். இருபத்துநாலு சங்கிலி, இரண்டு ஒத்தை, இரண்டு ரெட்டை. கட்டிலிலிருந்து எண்ணுகிற குரல் வரவில்லை. கடைசிக் கண்ணியில் தானே நின்று, மடங்கிக் கிடப்பதை நகத்தால் நிமிர்த்தி, அதற்குள்ளும் போட்டான். நேராகத்தான் வந்தது. ஆனால் இப்போது அவன் போட்டதும் மற்றவர்கள் போட்டதுபோல அரைமணி நேரத்தில் தெளிந்துவிட்டது. ஜெபக்கனி அதைத் தூக்கிப் பிடித்து, அதன் வழியாக அவன் முகத்தைப் பார்த்து, சரி போகட்டும் என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

மார்கழியில் பஞ்சாயத்து நூலகத்துக்கு முன்னால் பால்கனிபோலத் தூணில்லாத ஒரு நீட்டுத்தளம் போடத் தீர்மானம் ஆனது. முட்டுக் கழற்றும் நாளைக் குறித்துச் சொல்ல வேதமுத்துதான் வேண்டும் என்று சொர்ணம் வந்து கேட்டாள். அவன் சம்மதித்தான், கம்பி யார் கட்ட வேண்டும் என்பதையும் அவனே சொன்னான். கட்டிய இரண்டு நாளும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். ஆசீர்வாதம் ஒவ்வொரு குறுக்கிலும் கட்டுப் போட்டான், வேதமுத்து ஒவ்வொன்றாக எண்ணினான். முன்னூற்றுப் பன்னிரண்டு.

பதினாலு நாள் ஆன சாயங்காலம் முட்டுகளைக் கழற்றினார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊர் கூடியிருந்தது. அந்தப் பதினாலு நாளும் சாய்ப்புக்குள் நடக்கப் பழகியிருந்த வேதமுத்து, அக்குளில் இரண்டு கட்டையை ஊன்றிக்கொண்டு, குளோரி பின்னால் வர, தானே நடந்து வந்தான். ஆசீர்வாதத்தைப் பார்த்தான். அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை.

"ஏறும்" என்றான்.

ஆசீர்வாதம் ஏணியில் ஏறி மேலே நின்றான். கீழே அத்தனை முகங்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. ஜெபக்கனி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவன் தலை தானாகக் குனிந்தது.

"ஓரத்துக்கு வாரும்."

இரண்டு எட்டு வைத்தான்.

"இன்னும்."

விளிம்புக்கு ஒரு சாண் மீதி இருக்கும்வரை வந்தான். அப்போது வேதமுத்து கட்டைகளை ஊன்றித் தளத்துக்கு அடியில் வந்தான். குளோரி அவன் சட்டையைப் பிடித்தாள், அவன் விலக்கிவிட்டு உள்ளே நகர்ந்து, மேலேயிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் நின்றுகொண்டான். ஆசீர்வாதத்தின் பாதத்துக்கு நேர் கீழேயிருந்து, அவசரமில்லாமல், ஒன்று இரண்டு என்று எண்ணுகிற குரல் கேட்டது. எதுவரை எண்ணுவான் என்று தெரியவில்லை. ஆசீர்வாதம் நின்றான்.